வாசற்படியில் காவிரி

வெட்டுவதற்கு முன்னாலேயே தாழ்ப்பாளைப் பொருத்திவிட வேண்டும், அது முந்தாநாளே ஆகிவிட்டது, பென்சில் கோடு போட்டாகிவிட்டது, ரம்பத்துக்குப் புது பிளேடும் மாட்டியாகிவிட்டது, ஆகவே இனி வெட்டாமல் உட்கார்ந்திருக்க ஒரு சாக்கும் மிச்சமில்லை என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்தேகால். ஈரோட்டில், கொல்லம்பாளையத்து வீட்டில், கல்யாணமாகிப் போன மகள் தாரணியின் அறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாலு சுவரையும் ஒட்டி, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் பிளைவுட் பலகை. பலகைமேல் ஒரு சின்ன ரயில்பாதை. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. டீத்தூள் சக்கையைக் காயவைத்துத் தூவிய மண், பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் புல், தெர்மாகோலில் ஒரு மலை, அதைக் குடைந்து ஒரு குகை, பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்துச் செய்த வேப்பமரங்கள். சுவர் விட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்று, அறையின் வாசல். அந்த வாசலுக்குக் குறுக்கே இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு பாலம். தாரணியின் கல்யாணப் பத்திரிகை நூற்றுச் சொச்சம் மிச்சமாகிக் கிடந்தது, நல்ல கெட்டி அட்டை, அதை வெட்டி ஒட்டி வெள்ளிச் சாயம் அடித்துச் செய்த பாலம். குனிந்து பார்த்தால் ஒரு கர்டரின் உள்பக்கத்தில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று இன்றைக்கும் படிக்கலாம். பாலத்துக்குக் கீழே காவிரி. காவிரி என்றால் வேறொன்றுமில்லை, வாசற்படியும் அதன்மேல் மூன்றரை அடிக் காற்றும். அறைக்குள் வர வேண்டுமானால் காவிரிக்குள் இறங்கி, இரண்டாக மடங்கிக் குனிந்து, பாலத்துக்கடியில் புகுந்து, உள்பக்கம் எழுந்திருக்க வேண்டும். நாச்சிமுத்து ஒரு நாளைக்கு இருபது தடவை அப்படி வந்துபோகிறார். மாதம் ஒரு தடவையாவது மண்டையில் புடைப்போடு வெளியே வருகிறார். அந்தப் பாலத்தைத்தான் இப்போது வெட்டப்போகிறார்.

நாலு வெட்டு. இக்கரையில் இரண்டு தண்டவாளம், அக்கரையில் இரண்டு. பிறகு நாலு திருகாணியைக் கழற்றினால் பாலம் அப்படியே கையோடு வந்துவிடும். வேண்டும்போது திரும்ப வைத்து, கதவுக்குப் போடுகிற பித்தளைத் தாழ்ப்பாளைத் தள்ளினால் இம்மி பிசகாமல் உட்காரும், கரண்டும் தாழ்ப்பாள் வழியாகவே பாயும். எல்லாம் யோசித்தாகிவிட்டது. யோசனையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர், இத்தனைக்கும் ஓடும் லைனில் அனுமதியில்லாமல் ஒரு ஆணியைக்கூடத் தொட்டதில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை வண்டி விடாதீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஸ்பேனரை எடுப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். ரிட்டயராகி மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இந்தப் பொம்மை லைனில் கை வைப்பதற்கும் யாரிடமாவது பிளாக் வாங்காவிட்டால் கை வராது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பூவாத்தா, லைன் பிளாக் வேணும்.”

“எத்தன நேரமுங்க?”

“ரெண்டு மணி நேரம்.”

“பன்னெண்டே காலுக்கு லைன ஒப்படைச்சரோணும். அதுக்கு மேல ஒரு நிமிசம் தரமாட்டன். ஏனுங்க, எதுக்கு பிளாக்கு?”

“பாலத்துல சித்த வேல இருக்குது.”

“நேத்தும் பாலம், முந்தாநேத்தும் பாலம். அந்தப் பாலத்த மேல போறதுக்குக் கட்டுனீங்களா, ரிப்பேர் பண்றதுக்குக் கட்டுனீங்களா?”

அவர் சிரித்துக்கொண்டார். சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் வெட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவள் வந்து நின்று, ஐயோ வேண்டாமுங்க, எட்டு மாசம் கஷ்டப்பட்டுக் கட்டினது என்பாள், அவள் வேண்டாம் என்றால் இவர் கை நின்றுவிடும், கை நிற்பதற்குத்தான் எதையாவது தேடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியும். ரம்பத்தை எடுத்தார், வைத்தார். பிளேடைத் துடைத்தார், புது பிளேடைத் துடைக்க என்ன இருக்கிறது. இதுல கதவு எங்க? அந்தக் கேள்விதான். எட்டு மாதமாக ஒரு முள்மாதிரி உள்ளே கிடக்கிறது. முதல் படம் வரைந்த நாள், பெரிய கிராஃப் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, வளைவுக்கு வளைவு ஆரம் குறித்து, மேட்டுக்கு மேடு ஏற்றம் குறித்து, மழைத் தண்ணி வடிகிற மதகுகூடக் குறித்து (பொம்மை லைனில் எந்த மழை பெய்யப்போகிறது), நாலாவது தடவையாகத் திருத்தி, பெருமையோடு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த கரண்டியாலேயே சுற்றிச் சுற்றித் தொட்டுக்கொண்டு போய்க் கேட்டாள், ஏனுங்க, இதுல கதவு எங்க? அவர் பார்த்தார். கதவு இல்லை. அறை இருந்தது, ஜன்னல் இருந்தது, மின்சார சுவிட்ச் போர்டுகூட இருந்தது, கதவைக் காணோம். லைன் வரைகிறவனுக்கு லைன் போகிற இடம்தான் உலகம், வீட்டுக்கு வாசல் எங்கே என்று அவனுக்கு என்ன கவலை என்று அன்றைக்கு அவரே சொல்லிச் சிரித்தார். குனிஞ்சு வந்துக்கலாம் போ என்றார். அவளும் சிரித்தாள். மறுநாளே கதவைக் கீலிலிருந்து கழற்றி மொட்டைமாடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார், உள்பக்கம் திறக்கிற கதவு பலகையில் இடிக்குமென்று. அது இன்னும் அங்கேதான் வெயிலில் கிடக்கிறது, அதன்மேல் அவள் வடாம் துணியைக் காயப்போடுகிறாள். மறந்துபோனதா அது? மறதி என்றால் சுவிட்ச் போர்டு எப்படி ஞாபகம் வந்தது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு வழுக்கி வேறு பக்கம் போய்விடும். இன்றைக்கும் போகப் பார்த்தது, மலைக்குப் பின்னாலிருக்கும் கோட்டர்ஸின் பக்கம் போகப் பார்த்தது, அங்கே போனால் மனசுக்குச் சுகமாக இருக்கும்.

சுகம்தான், அதில் சந்தேகமில்லை. இந்த அறையில் இருக்கிற அத்தனையிலும் அவருக்குப் பிடித்தது அதுதான். கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் குடியிருந்த ரயில்வே கோட்டர்ஸ், ஒரு சின்ன ஸ்டேஷனின் ஓரத்தில், ஒரு அறை ஒரு அடுப்படி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்திருந்தார். பச்சைக் கதவு, சுவரில் வெள்ளைக் கட்டத்தில் கறுப்பு எழுத்தில் பதினாலு பி, ஓட்டில் பாசி, துவைக்கிற கல், வேப்பமரம், மரத்தடியில் குண்டூசியை வளைத்துச் செய்த தண்ணீர்க் குழாய். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போட்டோ கிடையாது, எல்லாம் ஞாபகத்திலிருந்து, ஒரு செங்கல் பிசகாது. ஆனால் அது மலைக்குப் பின்னால் இருந்தது. வாசலில் நிற்பவர்களுக்கு மலைதான் தெரியும். வாசலில் நிற்பவர்கள் என்று என்ன பொதுவாகச் சொல்வது, அவள்தான் நிற்கிறாள். காலை ஒன்பது மணிக்கு அவருடைய பிரஷர் மாத்திரையோடு வந்து காவிரியில் நிற்பாள். அவர் தட்டை வேகன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு எஞ்சினைப் பாலத்துக்கு ஓட்டிவந்து நிறுத்துவார். அவள் மாத்திரையை வேகனில் வைத்து, சில நாள் கூடவே ஒரு துண்டு முறுக்கையும் வைத்து, வண்டி புறப்படலாமுங்க என்பாள். வண்டி ஜன்னலோரம் போய், வளைந்து, குகைக்குள் புகுந்து, மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள், அப்புறம், அடுப்புல பால் இருக்குதுங்க என்று திரும்பிவிடுவாள். பால் இல்லாவிட்டால் குழம்பு. எப்போதும் அடுப்பில் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அவள் போனபிறகு ஒரு மணிநேரம் வண்டி ஓட்டுவார், கூட்ஸ், எக்ஸ்பிரஸ், இரண்டும் ஒன்றையொன்று கடக்கிற மாதிரி, எல்லாம் ஓடும், எல்லாம் சரியாக ஓடும், ஆனால் ஒன்பது மணியின் அந்த இரண்டு நிமிஷம் மாதிரி இருக்காது. எட்டு மாதத்தில் அவர் கண்டுபிடித்தது இதுதான். கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனதுதான் அழகு.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் உள்ளே வரப் பார்த்தாள். வண்டி அந்தப் பக்கம் எங்கதான் போகுதுன்னு பார்த்தரலாமுங்க என்று சேலையைச் செருகிக்கொண்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தாள். பாதி வந்தாள். வலது முழங்காலில் காய்ந்த சுள்ளியை ஒடித்தாற்போல ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டாள், முன்னாலும் வர முடியவில்லை பின்னாலும் போக முடியவில்லை, ஒரு கை இவர் தோள்மேல், தலை பாலத்தின் அடியில். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு மெல்லப் பின்வாங்கி நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரவால்லீங்க, இங்கிருந்தே நல்லாத் தெரியுது என்றாள். இங்கிருந்து ஒன்றும் தெரியாது. மலை தெரியும். அது அவருக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். போன வாரம் கோயம்புத்தூரில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, முழங்கால் மூட்டை மாற்றிவிடலாம், புதன்கிழமை அட்மிட் ஆகிவிடுங்கள், நடப்பதெல்லாம் நன்றாக நடக்கலாம், ஆனால் தரையில் உட்கார்வது, மண்டி போடுவது, தவழ்வது, இதெல்லாம் இனிமேல் மறந்துவிட வேண்டியதுதான் அம்மா என்றார். மகள் மயக்க மருந்தைப் பற்றிக் கேட்டாள், மாப்பிள்ளை எத்தனை நாளில் நடக்கலாம் என்று கேட்டார். நாச்சிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதில் தவழ்வது என்ற ஒரே வார்த்தைதான் விழுந்து நின்றுவிட்டது, கண்முன்னால் மூன்றரை அடி உயரத்தில் அந்தப் பாலம் நின்றது. பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்கிறார்கள், மனிதருக்குப் பொம்மைப் பாலம் ஞாபகம் வருகிறது. பயம் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தது போலிருக்கிறது, நேர் வழியாக வந்தால் தாங்கியிருக்க மாட்டார். மயக்கம் கொடுத்து, கண் விழிக்காவிட்டால். விழிப்பாள். எல்லோரும் விழிக்கிறார்கள், அடுத்த தெரு நஞ்சம்மாள் விழித்து இப்போது மார்க்கெட்டுக்கு நடந்தே போகிறாள். விழிப்பாள். விழிக்காவிட்டால், இந்த அறைக்குள் ஒரு தடவைகூட வராமல். அங்கே நினைப்பு நின்றது. அதற்கு மேல் லைன் இல்லை.

அவர் ரம்பத்தை எடுத்து முதல் கோட்டில் வைத்தார். ஒரு இழுப்பு. கிறீச்சென்று பல்லைக் கூசவைக்கிற சத்தம். பித்தளை நிறத்தில் பொடி உதிர்ந்தது. ஒரு ஆயுள் முழுக்கத் தண்டவாளத்தில் வெடிப்பு விழாமல் பார்த்துக்கொண்ட கை அது, இப்போது தானே வெடிப்பை உண்டாக்குகிறது, அந்தக் கைக்கு இது புரியவில்லை. வேலையிலிருந்த காலத்தில், மார்கழியில் ஒரு விடியற்காலை, குளிரில் இரும்பு சுருங்கி, தண்டவாளம் இரண்டங்குல அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. லைனைப் பார்த்துக்கொண்டு நடந்துவந்த ராக்கியப்பன் கண்டுவிட்டு, சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு எதிரே ஓடியிருக்கிறான், வேட்டி அவிழ்ந்து விழுந்தும் நிற்காமல் டிராயரோடு ஓடியிருக்கிறான், வண்டி அவனுக்கு ஐம்பது அடி முன்னால் நின்றது. நாச்சிமுத்து போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்த காரியம், அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்ததுதான். சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு ரொம்ப நாள் விரலிலேயே இருந்தது. இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை, மூன்றாம் நாள் போனபோது தாரணிக்குக் காய்ச்சல் வந்து காய்ச்சல் இறங்கியும்விட்டிருந்தது. பூவாத்தாள் அதைச் செய்தியாகத்தான் சொன்னாள், புகாராகச் சொல்லவில்லை. அவள் என்றைக்குப் புகார் சொன்னாள்? நாலு மணிக்கு வருகிறேன் என்று போய் மறுநாள் நாலு மணிக்கு வந்தால், பிளாக் கிடைக்கலீங்களா என்று கேட்பாள், அவ்வளவுதான். இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. டக்கென்று தண்டவாளம் விட்டது, கை லேசாகிவிட்டது.

ஒன்று போய்விட்டால் பிறகு அவ்வளவு பயமில்லை. இரண்டாவது வெட்டு நேராக விழுந்தது. அக்கரைக்கு முக்காலியை நகர்த்திக்கொண்டு மூன்றாவதை வெட்டும்போது, எங்கேயோ சுற்றிவிட்டு நினைப்பு திரும்பவும் அந்த இடத்துக்கே வந்தது, இந்தத் தடவை வழுக்கவில்லை. மறக்கவில்லையடா நாச்சிமுத்து, நீ மறக்கவில்லை. ரிட்டயரானதிலிருந்தே ஆரம்பித்தது அது. முப்பத்துநாலு வருஷம் ராத்திரி பகலென்று பார்க்காமல் போன் அடித்தவர்களெல்லாம் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள், அது நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது வந்தார்கள், பேசினார்கள், மாமா சும்மாதானே இருக்கீங்க என்றார்கள். யாரும் நுழைய முடியாத ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. குனிகிறவன் மட்டும் நுழைகிற இடம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை, பென்சிலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அது கதவை வரையாமல் விட்டுவிட்டது. யாரும் என்பதில் அவளும் சேர்த்தியா? சேர்த்திதான். அதை ஒத்துக்கொண்டபோது நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது, காது சூடாகுமளவுக்கு வெட்கம். அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்குமோ? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள். தெரிந்துதான் சிரித்திருப்பாள். தெரிந்துதான் இத்தனை நாளாக மாத்திரையை வேகனில் வைத்து அனுப்பியிருக்கிறாள், உள்ளே வராமலே உள்ளே வருவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள். நாலாவது தண்டவாளம் வெட்டுப்பட்டதே தெரியவில்லை.

“ஏனுங்க, மணி பன்னெண்டே காலு. லைன ஒப்படைக்கறீங்களா இல்லையா?”

“இன்னும் பத்து நிமிசம்.”

“எந்தக் காலத்துல நீங்க சொன்ன நேரத்துக்கு முடிச்சிருக்கறீங்க?”

திருகாணி நாலும் வந்துவிட்டன. இரண்டு தாழ்ப்பாளையும் பின்னால் இழுத்தார். பாலத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். ஒரு முறுக்கு டப்பா கனம்கூட இல்லை, இதற்கா இத்தனை பாடு. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசல் இருந்தது. எட்டு மாதத்துக்கு அப்புறம் அறைக்கு வாசல் வந்திருந்தது, அதன் வழியாகக் கூடம் தெரிந்தது, சாப்பாட்டு மேசை தெரிந்தது, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி பூவாத்தாள் வருவது தலை முதல் கால்வரை முழுசாகத் தெரிந்தது. அவள் வாசற்படிக்கு வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, வழக்கம்போலப் பலகையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிடிக்க ஒன்றும் இல்லை. கையைப் பார்த்தாள், வெட்டிய முனைகளைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்திருந்த பாலத்தைப் பார்த்தாள்.

“வெட்டிப்போட்டீங்களா?”

“கதவு வெச்சிருக்கறன், வா.”

அவள் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினாள். பிறகு தடியை முன்னால் ஊன்றி, நிமிர்ந்து, குனியாமல், காவிரியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவர் முக்காலியை மலைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். அவர் திரும்பிப் பாலத்தை எடுத்து வாசலில் வைத்துத் தாழ்ப்பாளைத் தள்ளினார், டக் டக்கென்று இரண்டும் உட்கார்ந்தன, எஞ்சினுக்கு மெல்லக் கரண்ட் கொடுத்தார், முதல் வெட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், வண்டி டிக் டிக்கென்று தாண்டிப் போனது, இரண்டாவதையும் தாண்டியது, ஜன்னலோரம் போய் வளைந்து குகைக்குள் புகுந்தது. இத்தனை நாளும் வண்டி மறைகிற இடத்தோடு அவளுக்கு ரயில் முடிந்துபோகும். இன்றைக்கு அது அவளுக்கு நேர் எதிரே குகையிலிருந்து வெளியே வந்து பதினாலு பி வாசலில் நின்றது.

அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினாள். பச்சைக் கதவை விரல்நுனியால் தொட்டாள், துவைக்கிற கல்லைத் தொட்டாள், சிரிக்கவும் ஆரம்பித்து அழவும் ஆரம்பித்து இரண்டையும் நிறுத்திக்கொண்டாள். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, பாராட்டு வருமென்று, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்ட பையன்போலக் காத்திருந்தார்.

“கொழா இக்கட்ட இல்லீங்க.”

“எது?”

“தண்ணிக் கொழா. நீங்க கெழக்கால வெச்சிருக்கறீங்க. அது மேக்கால, அடுப்படிச் சன்னலுக்கு நேரா இருந்துது. மூணு வருசம் நாந்தானுங்க தண்ணி புடிச்சன்.”

அவர் பார்த்தார். கிழக்கே வேப்பமரம், மரத்தடியில் குழாய். மேற்கே, ஜன்னலுக்கு நேராக. ஆமாம், ஜன்னல் வழியாகக் குடம் நிரம்புகிறதா என்று அவள் எட்டிப் பார்ப்பாள். பார்ப்பாளா? அவர் எங்கே கண்டார். இருட்டோடு எழுந்து டிராலியில் போனால் இருட்டியபின் வருவது. அந்த செக்‌ஷனில் இருந்த ஒவ்வொரு மைல்கல்லும் அவருக்குத் தெரியும், எந்தப் பாலத்தில் எத்தனை ரிவெட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், சொந்த வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அது வருத்தமாக இருந்திருக்க வேண்டும், ஏனோ சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, இரண்டு பேரும் அந்தத் தீப்பெட்டி வீட்டைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்கள்.

“மாத்தி வெச்சரலாம்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “அதுக்கு இன்னொரு பிளாக் வேணுமே. எத்தன நேரம் குடுப்பே?”

அவள் முக்காலியில் வசதியாக நகர்ந்து உட்கார்ந்து, கைத்தடியை மலைமேல் சாய்த்து வைத்தாள்.

“எத்தன நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தனுங்க.”